நீலச் சட்டை அப்பாக்கள்

அன்புள்ள நைனா,

முதலில் மன்னித்துவிடு. உனக்கு நான் எழுதுவது இதுதான் முதல் தடவை. நீ உயிரோடு இருந்தபோது ஒரே வீட்டில் இருந்தோம், எழுத என்ன இருந்தது? நேரில் பேசவும் நம் இரண்டு பேருக்கும் வராது. நீ கேமராவுக்குப் பின்னால் நின்றுகொண்டு "மோவாயத் தூக்கு" என்பாய், நான் தூக்குவேன். அநேகமாக அவ்வளவுதான் நம் பேச்சு. இப்போது முன்பின் தெரியாதவர்கள் படிக்கும் இடத்தில் உனக்குக் கடிதம் எழுதுகிறேன் என்றால் நீயே கூச்சப்படுவாய்.

அம்மாவுக்கு இதில் சம்மதம் இல்லை. "செத்தவங்களுக்கு எழுதாதடி. எழுதினா கூப்புடற மாதிரி. வந்து வாசப்படியில நின்னாருன்னா நீயா சோறு போடுவ?" என்றாள். அவளிடம் சொல்லாததை உன்னிடம் சொல்கிறேன். உன்னை நான் கூப்பிடவில்லை. நீ போகாமல் நின்றுகொண்டிருக்கிற ஓர் இடம் எனக்குத் தெரிந்துவிட்டது. உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். இப்போதே கேட்டால் உனக்கு ஒன்றும் புரியாது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டுக் கேட்கிறேன்.

முதலில் வீட்டுச் செய்தி. சதுரங்கப்பட்டினத்தில் நீ ஸ்டூடியோ வைத்திருந்த கடையில் இப்போது பிரியாணி விற்கிறார்கள். நீ திரை கட்டியிருந்த சுவரில் அடுப்புப் புகை ஏறிவிட்டது. முட்டி வலி வந்ததிலிருந்து அம்மா மீன் விற்கப் போவதில்லை. நீ இறந்த வருஷம் சட்டக் கல்லூரியில் சேர்ந்தேன் இல்லையா, முடித்துவிட்டேன். செங்கல்பட்டில் ஒரு வக்கீலிடம் ஜூனியராக இருக்கிறேன். கறுப்புக் கோட்டோடு பஸ்ஸில் நிற்கும்போது யாராவது சிரிக்கிறார்களா என்று இன்னமும் ஓரக்கண்ணால் பார்க்கிறேன். என் சீனியர் என்னை வைத்து ஒரே கேலி. "ஏம்மா, ஜட்ஜுக்குக் காது நல்லாத்தான் கேக்குது. நீ பேசறது உனக்காவது கேக்குதா?" என்பார்.

அந்த அலுவலகத்துக்கு ஒரு மதியம் வசந்தி என்ற அம்மா வந்தார். கடலோரம் இருக்கிற முகாமிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். இலங்கையில் சண்டை நடந்தபோது சின்ன வயதில் படகில் வந்து இறங்கியவர். இத்தனை வருஷமாக இங்கே இருந்தும் அந்தப் பேச்சு மாறவில்லை.

"ஸ்டூடியோக்காரற்ற மகள் நீங்கள்தானே, பிள்ளை? உங்கட அப்பாவை ஒருக்கா கூட்டிக்கொண்டு வாங்கோ. அவர் ஒரு வார்த்தை சொன்னாக் காணும்."

நீ இறந்துவிட்டாய் என்று சொன்னேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, தனக்குத்தானே கேட்டுக்கொள்வது போல, "அப்ப எங்கட சுவரில நிக்கிறவர்?" என்றார்.

எனக்குப் புரியவில்லை. மதிய வெயிலில் அந்த அறை அனலாக இருந்தது. இருந்தும் எழுந்து போய் மின்விசிறியை நிறுத்தினேன்.

அவர் சொன்னதை உனக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். அவர் கணவர் ரவீந்திரன், மகள் குப்புற விழப் பழகுவதற்கு முன்பே முகாமைவிட்டுக் கிளம்பிவிட்டார். ஏஜெண்டுகளை நம்பி, கடலிலும் காட்டிலும் அலைந்து, தூரத்துக் குளிர் நாடு ஒன்றில் போய்ச் சேர்ந்தார். அந்த நாட்டின் பெயரை நான் இங்கே எழுதவில்லை, இன்னொரு குடும்பத்தின் வழக்கு அங்கே இன்னும் நடக்கிறது. வருஷக்கணக்கில் இழுத்தடித்த பிறகு அவரை அகதி என்று ஏற்றுக்கொண்டார்கள். ஏற்றுக்கொண்ட மறுநாளே, மனைவியையும் மகளையும் வரவழைக்க அவர் விண்ணப்பித்தார். அதைத் தள்ளுபடி செய்துவிட்டார்கள்.

"படம் பொய்யாம், பிள்ளை" என்றார் வசந்தி அம்மா. "எங்கட குடும்பப் படம். எப்பிடிப் பொய்யாகும்?"

உனக்கு ஞாபகம் இருக்கிறதா, நைனா? கணவர் அனுப்பிய சின்னஞ்சிறிய பாஸ்போர்ட் படத்தை எடுத்துக்கொண்டு, நாலு வயது மகளையும் கூட்டிக்கொண்டு அவர் உன்னிடம் வந்தாராம். "அண்ணை, இவரையும் சேர்த்துப் போட்டுத் தாங்கோ" என்றாராம். உனக்கு அது புது வேலையா என்ன? கல்யாணப் படத்தில் செத்துப்போன மாமனாரை மாப்பிள்ளை பக்கத்தில் நிற்க வைப்பாய். துபாயில் இருக்கிற அப்பனை மொட்டையடித்த பிள்ளைக்குப் பின்னால் உட்கார வைப்பாய். நம் பக்கத்தில் யாரும் அதைப் பொய் என்று சொன்னதில்லை. வர முடியாதவருக்குப் படத்தில் இடம் விடுகிறோம், அவ்வளவுதான்.

அந்த நாட்டு அதிகாரிகள், குடும்பமாக வாழ்ந்ததற்குச் சான்றாகப் படங்கள் கேட்டார்கள். வசந்தி அம்மா சுவரில் மாட்டியிருந்ததிலேயே நல்ல படத்தைக் கழற்றி, பிரதி எடுத்து, அனுப்பிவிட்டார். அதைவிடச் சிறந்த சான்று தன்னிடம் இல்லை என்று நினைத்தார். அதே முகாமில் அடுத்த வரிசையில் இருக்கிற இன்னொரு பெண்ணும் அப்படியே செய்தாள். அவள் கணவனும் அதே நாட்டில்தான். இரண்டு படங்களும் ஒரே மேசைக்குப் போய்ச் சேர்ந்தன. அதிகாரி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். குடும்பங்கள் இரண்டு, முகங்கள் இரண்டு, இரண்டு ஆண்களுக்கும் ஒரே உடம்பு, ஒரே நீலச் சட்டை.

அதோடு நிற்கவில்லை. மகள் தர்சினியைச் சென்னையில் ஓர் அறையில் உட்கார வைத்து, அப்பாவைப் பற்றி என்ன நினைவிருக்கிறது என்று கேட்டார்கள். அவள் அந்தப் படம் எடுத்த நாளைச் சொன்னாள். அப்பா பின்னால் நின்றார், தோளில் கை வைத்தார், கை கனமாக இருந்தது, முகப் பவுடர் வாசனை வந்தது என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். அந்த நாளில் ரவீந்திரன் அந்த நாட்டில் ஒரு தடுப்பு மையத்தில் இருந்தார். பிள்ளைக்கு யாரோ சொல்லிக்கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள் என்று அதிகாரி எழுதிவிட்டார்.

சீனியரிடம் கேட்டேன். "முதல்ல போய்ப் பாரும்மா, அப்புறம் பேசலாம்" என்றார். போனேன்.

முகாமுக்குப் போகிற வழியில் சவுக்குத் தோப்பு. அங்கிருந்து கடல் தெரியாது, சத்தம் மட்டும் வந்துகொண்டே இருக்கும். ஆண்கள் பெயிண்ட் அடிக்கவும் மேஸ்திரி வேலைக்கும் போயிருந்தார்கள். வரிசை வரிசையாக வீடுகள் திறந்து கிடந்தன. வசந்தி அம்மாவின் வீட்டில் டிவிக்கு மேலே அந்தப் படம் இருந்தது.

அவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். குட்டிப் பெண் பக்கத்தில் நிற்கிறாள். பின்னால் ரவீந்திரன். முகத்தில் இடப்பக்கத்திலிருந்து வெளிச்சம், சட்டையில் வலப்பக்கத்திலிருந்து வெளிச்சம். தலை கழுத்துக்குச் சற்றுப் பெரிது. அதையெல்லாம் பிறகுதான் பார்த்தேன். முதலில் கண்ணில் பட்டது, குழந்தையின் வலது தோளில் இருந்த கை. மோதிர விரலின் நுனி உள்ளே மடங்கி, நகம் கொக்கி போல வளைந்திருந்தது.

அது உன் கை.

கடலுக்குப் போன காலத்தில் கயிறு சுற்றி நசுங்கிய விரல். அந்த நகம் தடித்துப்போய் உனக்கு இடது கையால் வெட்ட வராது. ஞாயிற்றுக்கிழமைகளில் நீ கையை நீட்டிக்கொண்டு உட்காருவாய், நான்தான் வெட்டிவிடுவேன். அந்த நகத்தின் ஒவ்வொரு வளைவும் எனக்குத் தெரியும். நீலச் சட்டையும் தெரியும். நல்ல சட்டை இல்லாமல் வருகிறவர்களுக்காக ஸ்டூடியோ ஆணியில் மாட்டி வைத்திருப்பாயே, அதேதான். உன்னிடம் வேறு நல்ல சட்டை இல்லை என்று அதைப் போட்டுத்தான் உன்னைச் சுடுகாட்டுக்கு அனுப்பினோம்.

"அவரே வந்து பின்னால நிண்டவர்" என்றார் வசந்தி அம்மா. "கேமராவில என்னத்தையோ அமத்திப்போட்டு ஓடி வந்து நிண்டவர். பிறகு தலையை மாத்தினவர். அவர் நல்ல மனுசன், பிள்ளை. மற்ற வீடுகளிலயும் நிக்கிறார். வாங்கோ, காட்டுறன்."

நைனா, அந்தப் பிற்பகலை நான் எப்படிச் சொல்வது? ஒரு வீட்டில் நீ மீசையோடு இருந்தாய். இன்னொரு வீட்டில் சிறு வயதுக்காரனாக, கண்ணாடி போட்டுக்கொண்டு. ஒரு வீட்டில் உன் தலை கறுப்பு வெள்ளை, உடம்பு கலர். எல்லா வீட்டிலும் அதே நீலச் சட்டை, அதே விரல். ஒவ்வொரு வீட்டிலும் உன் கை ஏதோ ஒரு குழந்தையின் தோளில் இருந்தது. பெண்கள் தண்ணீர் கொடுத்தார்கள், உட்காரச் சொன்னார்கள். யாருக்கும் அது விசித்திரமாக இல்லை. நான் நுழைகிற வீட்டிலெல்லாம் நீ எனக்கு முன்னால் வந்து நின்றுகொண்டிருந்தாய். என்னைப் பார்த்ததும் முகத்தை மாற்றிக்கொண்டது போல இருந்தது.

நம் வீட்டில் நீயும் நானும் சேர்ந்து நிற்கிற படம் ஒன்றுகூட இல்லை. எனக்குப் பொறாமையாக இருந்தது என்று சொன்னால் தப்பா?

அம்மாவிடம் வந்து சொன்னேன். முழுசாகக் கேட்டுக்கொண்டாள். பிறகு ஆரம்பித்தாள். "இன்னாடி கூத்து இது? உசுரோட கீறச்சொல்ல என்கூட ஒரு போட்டோல நின்னாரா அந்த மனுசன்? இப்பப் பாத்தா ஊர்ல பாதிப் பேருக்குப் புருசனா நின்னுகினு கீறாரு!" சிரித்தாள். சிரித்து முடித்து முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "ஒண்ணு கேட்டு வாங்கினு வாயேன். மூஞ்சி எவனோடதா இருந்தா இன்னா, ஒடம்பு ஒங்க நைனாவுதுதான?" என்றாள்.

அடுத்த முறை போனபோது தர்சினி பள்ளியிலிருந்து வந்திருந்தாள். பதினாறு வயது. இங்கேயே பிறந்து வளர்ந்தவள், பேச்செல்லாம் நம் பேச்சு. "இது வாயைத் திறந்தாச் செங்கல்பட்டுத்தான் வருகுது, தகப்பனுக்குப் போனில ஒண்டும் விளங்கிறேல்ல" என்று வசந்தி அம்மா குறைப்பட்டுக்கொண்டார்.

"அக்கா, நான் பொய் சொல்லல" என்றாள் தர்சினி. "யாரும் சொல்லியும் குடுக்கல. கை வச்சாரு. நான் ஆடிக்கினே இருந்தேன். 'ஆடாத பாப்பா, அப்பா நிக்கிறாருல்ல'ன்னு அழுத்திப் புடிச்சாரு."

"அது எங்க நைனாவோட கை" என்றேன். "ஸ்டூடியோ வச்சிருந்தவரு."

"அம்மா சொல்லிச்சு." என் கையைப் பார்த்தாள், விரல்களில் எதையோ தேடுவது போல. "அவரு எங்கக்கா இப்ப?"

"இறந்துட்டாரு. அஞ்சாறு வருஷம் ஆச்சு."

"இல்லையே. போன வருஷம் பப்ளிக் எக்ஸாம் அன்னிக்குக்கூட..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள்.

நான் மேலே கேட்கவில்லை. அவள் எழுந்து போகும்போது பார்த்தேன். வலது தோள் இடது தோளைவிடச் சற்றுத் தாழ்ந்திருந்தது. பள்ளிப் பை மாட்டுகிற தோளாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வழக்கை அந்த நாட்டு வக்கீல் ஒருவர் இலவசமாக எடுத்துக்கொண்டார். இங்கிருந்து சான்றுகள் சேர்த்துக் கொடுப்பது என் வேலை. அதற்காக நான் படித்ததை உனக்கும் சொல்கிறேன். உலக நாடுகள் கையெழுத்திட்ட பெரிய உடன்படிக்கைகளில், குடும்பம்தான் சமூகத்தின் அடிப்படை அலகு, அதைச் சமூகமும் அரசும் காக்க வேண்டும் என்று இருக்கிறது. குழந்தை உரிமை உடன்படிக்கையில் இன்னும் தெளிவாக இருக்கிறது. பெற்றோரோடு சேர்வதற்காகக் குழந்தை ஒரு நாட்டுக்குள் வரக் கேட்டால், அதை நல்லெண்ணத்தோடும் மனிதத்தன்மையோடும் தாமதமில்லாமலும் கவனிக்க வேண்டுமாம். ஆனால் அகதிகளுக்கென்றே எழுதிய உடன்படிக்கையின் பிரிவுகளில் குடும்பம் சேர்ந்திருப்பதைப் பற்றி ஒன்றும் இல்லை. அதை ஏற்ற மாநாடு, தனியாக ஒரு பரிந்துரையாகத்தான் அதைச் சொன்னது. அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். எல்லோரையும் நிற்க வைத்துவிட்டு ஒருவருக்கு மட்டும் இடம் விட மறந்த படம் போல இருந்தது.

இன்னொன்றும் உண்டு. ஓடி வந்தவர்களிடம் காகிதம் இருக்காது, அதை மட்டும் காரணமாகச் சொல்லி மறுக்கக் கூடாது, வேறு சான்றுகளையும் பார்க்க வேண்டும் என்பது அகதிகள் விஷயத்தில் சொல்லப்படுகிற நெறி. வேறு சான்று என்று இவர்கள் கொடுத்தது உன் படம். எங்கே போய் முட்டிக்கொண்டார்கள் பார்!

மரபணுப் பரிசோதனை செய்தார்கள். தர்சினி ரவீந்திரனின் மகள்தான் என்று வந்தது. அப்படியும் பொய்ச் சான்று கொடுத்தவர்கள் என்ற சந்தேகம் அப்படியே நின்றது. கல்யாணத்தையே நம்ப மாட்டோம் என்றார்கள். அதனால் படத்தைப் பற்றி யாராவது சத்தியம் செய்து சொல்ல வேண்டும். சொல்ல வேண்டியவன் நீ. நீ இல்லாததால் நான்.

வீடியோவில் விசாரணை. சீனியரின் அறையில், கோட்டு போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். அந்தப் பக்கம் வயதான பெண் நீதிபதி, ஒரு மொழிபெயர்ப்பாளர். நான் முதலில் சொன்னது யாருக்கும் கேட்கவில்லை. "சத்தமாக" என்றார்கள். சீனியர் திரைக்கு வெளியே நின்று, வாயை ஆவென்று திறந்து எனக்குச் சைகை காட்டினார்.

அது உங்கள் தந்தையின் கை என்று உங்களுக்கு எப்படித் தெரியும் என்று நீதிபதி கேட்டார்.

நகத்தைப் பற்றிச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமைகளைச் சொன்னேன். வெட்டும்போது நீ முகத்தைத் திருப்பிக்கொள்வாய் என்பதைக்கூடச் சொன்னேன். நீதிபதி அந்த இரண்டு படங்களையும் கையில் எடுத்துக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். உங்கள் தந்தை ஏமாற்றுவதற்காக இதைச் செய்தாரா என்று கேட்டார். வர முடியாதவருக்கு இடம் விடுவது எங்கள் ஊர் வழக்கம், அந்த இடத்தில் வெறுங்காற்று நிற்க வேண்டாம் என்று அவர் போய் நின்றிருக்கிறார் என்றேன். தர்சினி சொன்ன நினைவு உண்மையானது, கையின் சொந்தக்காரர்தான் வேறு என்றேன். நானா அப்படிப் பேசினேன் என்று இப்போதும் சந்தேகமாக இருக்கிறது.

ஆனால் உன்னிடம் நான் கேட்க நினைப்பது வேறு. முகத்தை மட்டும் மாற்ற வேண்டியவன், ஏன் அந்தக் குழந்தையின் தோளைத் தொட்டாய்? சும்மா பின்னால் நின்றிருந்தால் போதாதா? அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு கை வேண்டும் என்று உனக்கு யார் சொன்னது?

தீர்ப்பு வந்தது. மேல்முறையீட்டை ஏற்றுக்கொண்டார்கள். இங்கிருந்து வெளியேற அனுமதியும் கிடைத்துவிட்டது. வசந்தி அம்மா பால்கோவா வாங்கிக்கொண்டு வந்து சீனியருக்கு ஊட்டியே விட்டார். "என்ர அவர் போனில அழுதவர் பிள்ளை. இப்ப ரெண்டு அறை வீடு பாத்திட்டாராம். குளிருக்குச் சப்பாத்து வாங்க இவளின்ர கால் அளவு கேக்கிறார்."

இத்தோடு கடிதம் முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

போன வாரம் அவர்கள் வீட்டுக்குப் போனேன். ரவீந்திரன் போனில் முகம் காட்டிப் பேசிக்கொண்டிருந்தார். முன்நெற்றி ஏறி, கன்னம் ஒட்டிப்போய், சுவரில் இருக்கிற முகத்தின் அண்ணன் மாதிரி இருந்தார். "என்ன பிள்ளை, வாறியா?" என்றார். தர்சினி போனை வாங்கிக்கொண்டாள். "கையக் காட்டுங்கப்பா" என்றாள். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. இரண்டு கையையும் போனுக்கு முன்னால் விரித்துக் காட்டினார். மீனைக் குளிரில் வைத்துப் பதப்படுத்துகிற கம்பெனியில் வேலை. விரல்களெல்லாம் வெடித்திருந்தன. அவள் வெகுநேரம் பார்த்தாள்.

போனை வைத்த பிறகு, "நான் வரல" என்றாள்.

வசந்தி அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "நீ வராட்டி நான் எப்பிடிப் போறது? உன்னைத் தனிய விட்டுட்டா? அங்க அந்த மனுசன் எத்தினை வருசம் தனியச் சமைச்சுச் சாப்பிடுறது? சொல்லு, வாயைத் திற."

அவள் வலது தோளைத் தேய்த்துக்கொண்டாள். விசாவுக்குக் கெடு இருக்கிறது, நைனா. அதற்குள் போகாவிட்டால் எல்லாம் முதலிலிருந்து. அவளுக்குப் பதினெட்டு முடிந்துவிட்டால் பிள்ளை என்ற கணக்கிலிருந்தே எடுத்துவிடுவார்கள். இந்த ஒரு கதவுதான், அதுவும் மூடப்போகிறது.

நான் அவளைத் தனியாகச் சவுக்குத் தோப்புப் பக்கம் கூட்டிக்கொண்டு போனேன். குழந்தையின் விஷயத்தில் குழந்தை என்ன நினைக்கிறது என்று கேட்க வேண்டும், அதற்கு மதிப்புக் கொடுக்க வேண்டும் என்று அதே உடன்படிக்கையில் இருக்கிறது. "உனக்குப் போக வேணாம்னா வேணாம். நானே உங்கம்மாவாண்ட பேசறேன்" என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

"அப்பா போன்ல காட்டுன கை நல்ல கைதான்க்கா. பாவமா கீது. ஆனா எனக்குத் தெரியாத கை" என்றாள். பிறகு, மெதுவாக, "வரலன்னு நான் சொல்லலக்கா" என்றாள்.

"நீதானே சொன்ன?"

"வரேன்னு சொல்லத்தான் வாயத் தெறந்தேன். தோள்ல அழுத்துது. சின்ன வயசுல அழுத்துன மாதிரியே. ஆடாதன்ற மாதிரி. இன்னாக்கா பண்றது? பஸ்ல, எக்ஸாம்ல எல்லாம் வரும், அப்ப தைரியமாத்தான் கீது. இப்ப எந்திரிக்கவே வுட மாட்டேங்குது."

காற்று நின்றிருந்தது. அவள் யூனிஃபார்ம் சட்டையின் வலது தோளில் துணி, யாரோ பிடித்திருப்பது போலச் சுருங்கியிருந்தது. நான் கையை நீட்டி அதை நீவிவிட்டேன். துணி சூடாக இருந்தது. வெயிலில் நடந்து வந்தோம், சூடாகத்தான் இருக்கும்.

இதை எந்த மனுவில் எழுதுவேன்? அவள் என்ன நினைக்கிறாள் என்று கேட்டு எழுத எனக்குத் தெரியும். அவள் வாயைத் திறக்கும்போது பதில் சொல்வது அவளா, நீயா என்று எனக்குத் தெரியவில்லை. சீனியரிடம் பாதியைச் சொன்னேன். "பயம்மா அது. பதினாறு வருஷம் பாக்காத ஆளுகிட்டப் போகச் சொன்னா யாருக்குத்தான் இருக்காது?" என்றார். இருக்கலாம். நானும் அப்படித்தான் நம்ப விரும்புகிறேன். ஆனால் அந்தக் கையை எனக்குத் தெரியும். ஒரு குழந்தை பயந்து நெளிந்தால், அது விடாது.

நீ கெட்டது எதுவும் செய்யவில்லை என்று எனக்குத் தெரியும். ஒருவர் வரும்வரை அவர் இடத்தில் நின்றாய். அவர் வர இவ்வளவு காலம் ஆகும் என்று நீயும் நினைத்திருக்க மாட்டாய். நாடுகள் இத்தனை மெதுவாக நடக்கும் என்று உனக்கு எப்படித் தெரியும்? இப்போது அவர் இருக்கிறார், நைனா. வெடித்த விரல்களோடு, சப்பாத்தின் அளவு கேட்டுக்கொண்டு நிற்கிறார்.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். அடுத்த வரிசை வீட்டுப் பெண்ணின் வழக்கிலும் நானே பேசுவேன், இந்த முறை முதல் வார்த்தையிலிருந்தே சத்தமாக. நீ நிற்கிற மற்ற வீடுகளுக்கும் ஒவ்வொன்றாகப் போவேன். எங்கேயாவது உன் படத்தைப் பொய் என்று யாராவது எழுதினால், போய் உண்மையைச் சொல்வேன். தர்சினி கிளம்பினால் விமான நிலையத்துக்குப் போய், அவர்கள் கண்ணுக்கு மறைகிற வரைக்கும் நிற்பேன். கிளம்பாவிட்டால், அது அவளே சொன்ன பதிலாக இருந்தால், அவள் பக்கம் நின்று அதையும் எழுதுவேன்.

அது அவளுடைய பதிலாக இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவு நேரம் சுற்றி வளைத்தேன். கேட்டுவிடுகிறேன்.

அவள் தோளிலிருந்து கையை எடுத்துவிடு, நைனா.

உன் மகள்,
அமுதா